பறித்த மயிர்க்காலைப் பேணுதல்: ஒரு மருத்துவச் செயலும் அதற்குரிய தமிழும்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் தலைமுடி அறுவை சிகிச்சைக்கு என்ன வேலை என்ற ஐயம் அழைப்பிதழைக் கண்டவர்களுக்கு எழுந்திருக்கலாம். சிகிச்சையகம் ஒன்றின் துண்டறிக்கையைத் தமிழில் சரிபார்த்துத் தரும்படி சென்ற ஆண்டு நம்மிடம் கேட்டிருந்தார்கள். ‘அறுவடை செய்யப்பட்ட ஒட்டுகள் பதப்படுத்தப்பட்டு மாற்றப்படும்’ என்றொரு தொடர் அதில் இருந்தது. இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை; புணர்ச்சியும் சரி. ஆயினும், அத்தொடரைப் படித்து ஒப்பமிடும் ஒருவர் தம் தலையில் நடக்கவிருப்பதை அறிந்துதான் ஒப்பமிடுகிறாரா என்பது நமக்கு ஐயமாகவே இருந்தது.

முதலில் செயலைப் பார்ப்போம். வழுக்கை விழும் ஆடவர் பலருக்கும் பிடரியிலும் காதுகளுக்கு மேலும் உள்ள முடி நிலைத்து நிற்கும். அங்குள்ள மயிர்க்கால்களை எடுத்து முன்தலையில் நட்டால், அவை பிடரியில் கொண்டிருந்த இயல்போடேயே வளரும். ஜப்பானிய மருத்துவர் ஷோஜி ஒக்குடா 1939-இல் மயிருள்ள தோல் துண்டுகளை இடம்பெயர்த்து நட்டு, தம் பணியைத் தம் தாய்மொழியில் எழுதி வெளியிட்டார். போரும் மூண்டது, மேலைநாட்டார் கண்ணில் அக்கட்டுரைகள் நெடுங்காலம் படவில்லை. நியூயார்க்கில் நார்மன் ஒரன்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமாக உலகெங்கும் எண்ணப்பட்டு வந்தது. அறிவியலை எம்மொழியில் எழுதுவது என்ற வழக்கு வரும்போது இந்நிகழ்ச்சியை இரு கட்சியாரும் தத்தமக்குச் சான்றாகக் காட்டலாம்!

தொடக்கத்தில் நான்கு மில்லிமீட்டர் அகலத் துண்டுகளை நட்டார்கள். பொம்மைத் தலையில் செருகிய முடி போல அவை தனித்தனியே தெரிந்தன. இயற்கையில் முடி ஒன்று முதல் நான்கு வரை சிறு கொத்துகளாக முளைக்கிறது. அக்கொத்து சிதையாமல் எடுத்து நடுவதே இன்றைய முறை. நெற்றி விளிம்பில் ஒற்றை முடிக் கொத்துகளையும் அதன் பின்னே இரண்டும் மூன்றும் கொண்டவற்றையும் நடுவார்கள்.

இனி, சொற்களுக்கு வருவோம். ‘அறுவடை’ என்பது ஆங்கில மருத்துவ வழக்கின் நேர்மொழிபெயர்ப்பு. தமிழ் உழவர் அறுவடை செய்வது வேரை விட்டுத் தாளை. அடுத்த பருவத்தில் அதே வயல் மறுபடியும் விளையும். பிடரியிலிருந்து எடுத்த மயிர்க்கால் அங்கே மறுபடி முளைப்பதில்லை. ஒருவருடைய பிடரியிலிருந்து எடுக்கக்கூடிய கொத்துகளுக்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லை தீர்ந்தால் தீர்ந்ததுதான். ‘அறுவடை’ என்று படித்த நோயாளி, இம்முறை சரிவராவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என எண்ணினால் பழி அவர்மீது இல்லை. வேரோடு எடுப்பதற்கு நம்மிடம் ‘பறித்தல்’ இருக்கிறது.

‘ஒட்டு’ என்னும் சொல்லும் அத்தகையதே. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு மரத்தின் மொட்டை வேறொரு கன்றின் தண்டில் ஒட்டவைப்பதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அங்கே வேர் ஒன்றினுடையது, கிளை மற்றொன்றினுடையது. மயிர்க்காலோ தன் வேரோடு பெயர்ந்து தன் வேரோடே ஊன்றப்படுகிறது. அது நாற்று. நாற்றங்காலிலிருந்து பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டுக்கு ‘முடி’ என்ற பெயர் உழவர் வழக்கில் உண்டு என்பதை மாணவர்கள் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.

நம்மை மிகவும் உறுத்திய சொல் ‘பதப்படுத்தல்’. ஆங்கிலத்தில் ஊறுகாயைக் கெடாமல் வைப்பதற்கும் உயிருள்ள திசுவைக் காப்பதற்கும் ஒரே வினை போதுமாக இருக்கிறது. தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. மீனையும் தோலையும் பதப்படுத்துகிறோம், அவை உயிரற்றவை. குழந்தையையும் பயிரையும் உடல்நலத்தையும் பேணுகிறோம். பறித்த மயிர்க்கால் எந்த வகை? அது உயிரோடிருக்கிறது. உயிரோடிருப்பதனால்தான் அது சாகவும் கூடும். நோயாளி அறியவேண்டிய முதற்செய்தி இதுவே.

அது எவ்வாறு சாகிறது? குருதியோட்டம் அறுந்த கணத்திலிருந்து அதற்கு உயிர்வளியும் ஊட்டமும் இல்லை. ஆகவே குளிர்ந்த கரைசலில் இட்டு வைக்கிறார்கள். ஏறத்தாழ நான்கு பாகை செல்சியசில் உயிரணுவின் இயக்கம் தணிகிறது. பசியும் தணிகிறது என்று கொள்க. டெக்சாஸ் மருத்துவர் பாபி லிம்மர் குளிர்ந்த உப்புக்கரைசலில் வைத்த மயிர்க்கால்களைப் பல்வேறு நேரங்கழித்து நட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் நட்டவற்றில் 95 விழுக்காடு பிழைத்தன; நான்கு மணியில் 90; ஆறில் 86; எட்டில் 88; ஒரு நாள் கழிந்தபின் 79; இரண்டு நாளில் 54. ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே எண் ஏறியிருப்பதைக் கணித ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள். சிறிய ஆய்வுகளில் அவ்வாறு நேரும். போக்கைத்தான் நாம் கொள்ளவேண்டும். ஓராயிரம் இரண்டாயிரம் கொத்துகளை நடும் அறுவை பல மணி நேரம் நீளக்கூடியது. ஆதலால் முதலில் பறித்ததற்கும் கடைசியில் நட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

குளிரிலும் ஒரு சிக்கல் உண்டு. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் உயிரணுவின் இயக்கமும் குளிரில் மந்தமாகிறது. நீர் புகுந்து உயிரணு வீங்குகிறது. இதைத் தடுக்கவே, உறுப்புகளைக் குளிரில் வைப்பதற்கென ஆக்கிய தனிக் கரைசல்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். வெறும் உப்புக்கரைசலே போதும் என்பாரும் உளர். அவ்விவாதம் மருத்துவருடையது.

இவற்றினும் கொடிய பகை உலர்தல். குளிரும் கரைசலும் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், ஈரமற்ற கையுறை விரலின்மீது சில நிமிடம் காற்றுப்படக் கிடந்த மயிர்க்கால் பிழைப்பது அரிது. அடுத்தது நசுங்கல். அடிக்குமிழை இடுக்கியால் பற்றக்கூடாது; சுற்றியுள்ள கொழுப்பைப் பற்றியே எடுக்கவேண்டும். நாற்று நட்ட அனுபவமுள்ள பாட்டியிடம் இதைச் சொன்னால் விளக்கம் வேண்டாமலே தலையசைப்பார்: வேர் காயக்கூடாது, தண்டு நசுங்கக்கூடாது, பறித்த அன்றே நட்டுவிட வேண்டும். ‘பதப்படுத்தல்’ என்ற சொல்லோ அவருக்குக் கருவாட்டைத்தான் நினைவூட்டும்.

‘மாற்றுதல்’ பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. சிறுநீரக மாற்றில் பிறர் உறுப்பு வருகிறது. இங்கே வருவது தம் முடியே. யாருடைய முடியை வைப்பார்கள் என்று கேட்ட முதியவரை நாம் அறிவோம். ‘நடவு’ என்றால் அக்கேள்வி எழாது.

‘மயிர்’ என்ற சொல்லுக்கு வகுப்பறையில் எழும் சிரிப்பையும் இங்கே குறிப்பிடவேண்டும். துண்டறிக்கையை எழுதியவர் அச்சிரிப்புக்கு அஞ்சியே ‘முடிவேர்ப்பை’ என்றொரு சொல்லைப் புனைந்திருந்தார். வள்ளுவர் மானத்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் இருமுறை மயிரை உவமைக்கு எடுக்கிறார், அவருக்குக் கூச்சமில்லை. மயிர்க்கால் என்பது பழகிய, துல்லியமான, சிறிய சொல். வசையாக வழங்குகிறது என்பதற்காக ஒரு சொல்லைக் கைவிட்டால், உடற்கூற்றியலில் பாதிச் சொற்களை இழந்துவிடுவோம். ஆசிரியர்கள் முதல் நாள் சிரிக்கவிட்டு, இரண்டாம் நாள் பாடத்தைத் தொடரலாம்.

பேணல் அறுவை அறையோடு முடிவதில்லை. நட்டபின் ஏறத்தாழ பத்து நாள்வரை மயிர்க்கால் உறுதியாகப் பற்றியிருப்பதில்லை. சொறிந்தாலோ பொருக்கைப் பிய்த்தாலோ அதுவும் உடன் வந்துவிடக்கூடும். சில வாரங்களில் நட்ட முடி உதிரும். உதிர்வது தண்டு மட்டுமே. மயிர்க்கால் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் புதுமுடி தலைகாட்டத் தொடங்கும். முழுப் பயன் தெரிய ஓராண்டு ஆகலாம். இவ்வொரு செய்தியைத் தம் மொழியில் தெளிவாக அறியாமல், பணமும் போயிற்று முடியும் போயிற்று என உறக்கமிழந்தவர்கள் இருக்கிறார்கள்.

துண்டறிக்கைத் தொடரை நாம் இவ்வாறு திருத்திக் கொடுத்தோம்: ‘உங்கள் பிடரியிலிருந்து வேரோடு பறிக்கும் மயிர்க்கால்களை உலராமல் குளிர்ந்த கரைசலில் பேணி, அன்றே முன்தலையில் நடுவோம். பறித்த இடத்தில் அவை மறுபடி முளைக்கமாட்டா.’ பழைய தொடரைவிட மூன்று மடங்கு நீளம். அச்சிடுபவர் இடம் போதவில்லை என்றார். எழுத்தின் அளவைக் குறைக்காமல், படத்தைச் சிறிதாக்கச் சொன்னோம். முடிக்கொத்துக்கு மட்டும் இன்னும் பொருத்தமான சொல் நம் கைக்கு வரவில்லை. ‘கற்றை’ என்றால் நீண்ட கூந்தல் நினைவுக்கு வருகிறது, ‘கொத்து’ என்றால் பூ. உங்களுள் எவரிடமேனும் சொல் இருந்தால், வினா நேரத்தில் கேட்க ஆவலாயிருக்கிறோம்.