பயாஸ் ரீசெட்: முதலில் போனில் ஒரு போட்டோ

இங்கே எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. ஆனாலும் சான்றிதழ் ஸ்கேன் பண்ண, நீளமான விண்ணப்பம் நிரப்ப, வீட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரைத்தான் தேடுகிறோம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்றைக்குப் பார்த்து எந்த இணையதளமும் திறக்காது. 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கும்.

நெட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னால் போயிருக்கா? இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. கம்ப்யூட்டர் பழைய வருஷத்தில் நின்றுவிட்டால், அந்தச் சான்று இன்னும் செல்லுபடியாகவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

காரணம் பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான 3 வோல்ட் பேட்டரி. கடையில் 'சி.ஆர். 2032' என்று கேளுங்க. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளைக் காப்பதும் அதுவே. பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற, போர்டிலேயே பதிந்த மென்பொருள்.

இதற்காக 'ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் பண்ணணும்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. பயாஸ் ரீசெட் உங்கள் போட்டோவையோ ஃபைலையோ தொடாது. ஃபார்மட் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். பயாஸ் திரை வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுங்க. முக்கியமாக பூட் மோட், சாட்டா மோட் இரண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் முன்கூட்டியே எடுத்து வையுங்க. ரீசெட்டுக்குப் பிறகு கேட்கலாம்.

அப்புறம் ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியை மாற்றுங்க. மறுபடி பயாஸுக்குப் போய் 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்து, தேதி நேரம் சரிசெய்து, சேவ் பண்ணுங்க. விண்டோஸ் வரவில்லையா? பதற வேண்டாம். போட்டோவோடு ஒப்பிட்டு அந்த இரண்டு மோடையும் பழையபடி மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். லேப்டாப்பில் மட்டும் பேட்டரி வேலையை மெக்கானிக்கிடம் விடுங்க.

கழற்றிய பேட்டரியை மேஜையில் போட்டு வைக்காதீங்க. சின்னக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.