நஞ்சும் மௌனமும்

இரசாயனத் தொழில் இல்லாத வாழ்வை இன்று நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. வயலுக்கு இடும் உரம், துணிக்கு ஏற்றும் சாயம், நோய் தீர்க்கும் மருந்து, குடிநீரைத் தூய்மை செய்யும் குளோரின் ஆகிய யாவும் இரசாயன ஆலைகள் தருபவையே. இவற்றை ஆக்கும்பொழுது நஞ்சான பொருள்களும் உடன் தோன்றுவதுண்டு. ஆகவே, ஆலையில் நஞ்சு உண்டா என்பதன்று கேள்வி. அதைப் பற்றி ஆலையார் அறிந்ததை அண்டை அயலாரும் அறிவரா என்பதே கேள்வி. இதன் முக்கியத்துவத்தை விளக்க, ஜப்பான் நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானின் தெற்கே கியூஷு என்ற தீவு இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள ஊர் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ கம்பெனியின் ஆலை இருந்தது. கடலோரத்தில் மீனவர் குடியிருப்புகள் இருந்தன. 1932 முதல் அவ்வாலை அசிட்டால்டிஹைடு என்னும் பொருளை ஆக்கி வந்தது. அதற்கு ஊக்கியாகப் பாதரசம் பயன்பட்டது. அதில் ஒரு சிறு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு கடலிற் கலந்தது. மீனும் சிப்பியும் அந்நஞ்சைத் தம் உடலிற் சேர்த்துக்கொண்டன. அவற்றை நாள்தோறும் உண்ட மக்களின் உடலிலும் அது குடிபுகுந்தது.

முதலிற் பூனைகள் தள்ளாடிச் சுழன்று மாண்டன. பின்னர் மனிதருக்கும் நோய் கண்டது. கைகால் மரத்தது, பேச்சுக் குழறிற்று, பார்வை குறுகிற்று. தாயின் கருவிலிருந்த சிசுவையும் நோய் விட்டுவைக்கவில்லை. 1956 மே 1 அன்று இதனைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தவர், அவ்வாலையின் மருத்துவமனைக்கே தலைவராயிருந்த டாக்டர் ஹோசோகாவா ஹாஜிமே. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கரிமப் பாதரசமே காரணம் என்று கருத்துரைத்தனர். ஆலையார் மறுத்தனர்.

அதே மாதத்தில் ஹோசோகாவா ஆலைக்குள்ளேயே ஒரு சோதனையைத் தொடங்கினார். அசிட்டால்டிஹைடுப் பிரிவின் கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார். அப்பூனையின் எண் 400. அக்டோபரில் அதற்கும் மீனவருக்குக் கண்ட அதே நோய் கண்டது. இனி ஐயத்துக்கு இடம் ஏது? ஆயினும் நிர்வாகம் இம்முடிவை வெளியிடவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் ஆலையில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் விழா எடுத்துத் திறக்கப்பட்டது. அது நீரிற் கரைந்த மெத்தில் பாதரசத்தை நீக்கும் பொருட்டு அமைந்ததன்று. அதே மாதம் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தமும் செய்யப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று பின்னாளில் தெரியவரினும் மேற்கொண்டு ஈடு கேட்பதில்லை என்பது அதில் ஒரு விதி. கையொப்பமிட்ட இரு திறத்தாருள் ஒரு திறத்தாருக்கே பூனையின் கதை தெரிந்திருந்தது என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இம்மௌனத்தின் விலை யாது? 1968 மே மாதம் வரை அக்கழிவு கடலிற் கலந்தவண்ணம் இருந்தது. இதற்கிடையே 1965-இல், தொலைவிலுள்ள நிகாட்டா மாகாணத்தில், இதே முறையைக் கையாண்ட மற்றொரு கம்பெனியின் ஆலைக் கழிவால், அகானோ ஆற்றங்கரை மக்களிடமும் இதே நோய் தோன்றிற்று. பூனையின் முடிவு 1959-இலேயே உலகறிய வெளிவந்திருப்பின், அம்மக்களுள் பலர் தப்பியிருக்கக் கூடும். 1970-இல், மரணப் படுக்கையில் இருந்த ஹோசோகாவா உண்மையைச் சாட்சியமாக உரைத்தார். 1973 மார்ச்சில் நீதிமன்றம் கம்பெனியைப் பொறுப்பாளி எனத் தீர்ப்பளித்து, அவ்வொப்பந்தம் செல்லாது என்றும் கூறிற்று.

தொழில் இரகசியங்களைக் காப்பது எங்கள் உரிமையன்றோ எனக் கம்பெனியார் வினவுவர். செய்முறையைக் காப்பது உரிமையே. அதனைக் கண்டறியப் பொருளும் உழைப்பும் செலவிட்டவர் அவர். ஆனால் அச்செய்முறையால் விளையும் தீங்கு அவருடைய உடைமையன்று. அதனைத் தாங்குபவர் வேறொருவர். எனவே தீங்கினைப் பற்றிய அறிவு அதனைத் தாங்குபவருக்கே முதலில் உரியது.

இந்நீதி நம் நாட்டில் சட்டமாவதற்கும் ஒரு பேரிடர் நிகழ வேண்டியிருந்தது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, போபால் நகரின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற எளிய அறிவுரைகூட அண்டை மக்களுக்கு முன்னரே புகட்டப்படவில்லை. 1986-இல் அமெரிக்க நாடு, ஆலைகளின் நச்சுப்பொருள்களைப் பற்றி அறியும் உரிமையை மக்களுக்குச் சட்டத்தால் வழங்கிற்று. 1987-இல் நம் தொழிற்சாலைச் சட்டமும் திருத்தப்பெற்றது. அபாயமான தொழில் நடத்துவோர் தொழிலாளருக்கும், தலைமை ஆய்வாளருக்கும், ஊராட்சி அமைப்புக்கும், அண்டை மக்களுக்கும் அபாயத்தையும் அதனைத் தடுக்கும் வழியையும் தெரிவித்தாக வேண்டும் என்று அது விதித்தது.

எனினும் காகிதத்தில் எழுதி அலுவலகத்தில் வைப்பது தெரிவித்தலாகாது. பீப்பாயின் மேல் ஒட்டிய சீட்டு அதனை உருட்டும் தொழிலாளிக்குப் புரிய வேண்டும். எந்த நஞ்சுக்கு எந்த மருந்து என்பது ஊர் மருத்துவருக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். சங்கு ஒலித்தால் எத்திசையில் ஓடுவது என்பதை ஆலைக்கு அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலுக்குப் பகையாவதன்று. தெரிந்த நஞ்சிலிருந்து விலகி நிற்கலாம். மறைத்த நஞ்சு உணவுத் தட்டுக்கே வந்து சேரும்.