நிச்சயமில்லாத காலத்தில் ஒரு ப்ராஜெக்ட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொருளாதாரம் நிலையில்லாத காலத்தில் திட்டங்களையும் நிறுவன மாற்றங்களையும் நிர்வகிப்பது எப்படி" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேச எம்.பி.ஏ. படித்தவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் 2011-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவைக்கு வெளியே வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறவன். ஆகவே தியரியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் நடத்திய ஒரு ப்ராஜெக்டைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு ஹாஸ்டல் கதை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது நாங்கள் செகண்ட் இயர். அங்கே ஒரு பேங்க் விழுந்தால் நமக்கென்ன என்றுதான் மெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தோம். 2009 மே மாதம் விஷயம் புரிந்தது. ஃபைனல் இயர் அண்ணன்மார் பலர் கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது. வேலையில் சேரும் தேதி மட்டும் வரவில்லை. என் பக்கத்து ரூம் சீனியர் ஒருவர் பரீட்சை முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. போனால் அப்பா கேட்பார். வெளியே ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்ப்பார். கம்பெனிக்கு ஃபோன் போட்டால், "தகவல் சொல்லுவோம்" என்று ஒரே பதில். எட்டு மாதம் அப்படியே ஓடியது. "வேலை இல்லைன்னு சொல்லித் தொலைச்சாக்கூட வேற பாத்துக்குவேன்டா, இவனுங்க எதையும் சொல்ல மாட்டேங்கறானுங்க" என்று அவர் ஒருநாள் டீக்கடையில் சொன்னார். அந்த கம்பெனியின் ஹெச்.ஆர். ஆளை நாங்கள் திட்டாத திட்டு இல்லை.

சரியாகப் பத்து வருடம் கழித்து அந்த ஹெச்.ஆர். ஆளின் இடத்தில் நான் இருந்தேன்.

2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் எங்கேயும் பி.எஸ்.4 வண்டி விற்கக் கூடாது, பி.எஸ்.6 மட்டும்தான். உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு இது பெரிய வேலை. எங்களுக்கு ஒரு அலுமினிய ஹவுசிங் வந்தது. இன்ஜின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்புகிற அமைப்பில் அது ஒரு பாகம். மாதம் 20 ஆயிரம் என்று கஸ்டமர் கணக்குக் கொடுத்தார். லைன் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அது முதல் பெரிய ப்ராஜெக்ட். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தலைக்கனத்தில் எடுத்த முதல் முடிவு மெஷின். இந்த ஒரே பாகத்துக்கென்று செய்கிற ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின், அதாவது எஸ்.பி.எம்., போட்டால் ஒரே பிடியில் எல்லா ஓட்டையும் விழும்; 20 ஆயிரம் ஓடினால் ஒரு பீஸுக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும். சாதாரண வி.எம்.சி. மெஷினில் ஃபிக்ஸ்சர் போட்டுச் செய்தால் நேரம் கூடுதலாகும், பீஸுக்குச் செலவும் கூடும். எங்கள் டூல் ரூம் பெரியவர் வி.எம்.சி. போதும் என்றார். "ஆர்டர் வரலைன்னா வி.எம்.சி.ல வேற எதையாவது ஓட்டலாம் சார். உங்க எஸ்.பி.எம்.ல என்ன ஓட்டுவீங்க?" என்று கேட்டார். நான் எக்ஸெல் ஷீட்டைக் காட்டினேன். அந்த ஷீட்டில் 20 ஆயிரம் என்ற எண் ஒரு கட்டத்தில் இருந்தது. அது எட்டாயிரம் ஆனால் என்ன ஆகும் என்று நான் போட்டுப் பார்க்கவே இல்லை. எஸ்.பி.எம்.முக்கு அட்வான்ஸ் போனது.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எங்களுக்கு அன்று தேதி நிச்சயம், எண்ணிக்கை நிச்சயமில்லை. சட்டம் சொன்ன தேதி மாறாது. வண்டி எத்தனை விற்கும் என்பது யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு செலவைப் போடுமுன், வேலை நின்றுவிட்டால் இந்தப் பொருளை வேறு எதற்காவது திருப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். பீஸுக்கு மூன்று ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அந்த வழி திறந்திருக்கும் என்றால், மூன்று ரூபாயைப் பிரீமியமாக நினைத்துக்கொள்ளலாம். எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் நம் கணக்கு தலைகீழாகும் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். டூல் ரூம் பெரியவர் இதையெல்லாம் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

இரண்டாவது முடிவுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. முதல் கட்ட மெஷினிங்கை வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பது என்று திட்டம். கணபதியில் ஒரு அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் அவரும் அவர் மனைவியும். வேலை சுத்தமாக இருக்கும். இந்தப் பாகத்துக்கு அவரிடம் இருந்த மெஷின் போதாது. 2019 ஜனவரியில் நான் நேரிலேயே போய், "மெஷின புக் பண்ணிடுங்கண்ணா, பி.ஓ. பின்னாடியே வந்துரும்" என்றேன். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. 28 லட்ச ரூபாய் மெஷின், 22 லட்சம் பேங்க் கடன், மாதத் தவணை 48 ஆயிரத்துச் சொச்சம். மே மாதம் மெஷின் வந்தது. பூஜைக்கு என்னையும் கூப்பிட்டார். போய் எலுமிச்சம்பழம் நசுக்கியதைப் பார்த்துவிட்டுப் பொங்கல் சாப்பிட்டு வந்தேன்.

அதற்குள் மார்க்கெட் இறங்கத் தொடங்கியிருந்தது. காரணம் ஒன்றல்ல. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியதில் தனியார் நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது சிரமமாகி, அவர்கள் வண்டிக்குக் கடன் கொடுப்பதைக் குறைத்தார்கள். அதே செப்டம்பரிலிருந்து புதுக் கார் வாங்குகிறவர் மூன்று வருடத்துக்கும், பைக் வாங்குகிறவர் ஐந்து வருடத்துக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றானது. லாரி ஏற்றலாம் என்ற எடை வரம்பை 2018 ஜூலையில் அரசு 20 முதல் 25 சதவீதம் வரை கூட்டியிருந்தது. இருக்கிற லாரியிலேயே கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்றால் புது லாரி எதற்கு? 2019 ஆகஸ்டில் கார் விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இதையெல்லாம் இன்று கோர்வையாகச் சொல்கிறேன். அன்று எங்களுக்குத் தெரிந்தது, ஒவ்வொரு மாதமும் கஸ்டமர் ஷெட்யூல் சுருங்குகிறது என்பது மட்டும்தான்.

ஜூன் மாதம் மீட்டிங்கில் ப்ராஜெக்டை "ஹோல்டு" என்றார்கள். ரத்து இல்லை, ஹோல்டு. "வெளியில யாருக்கும் சொல்ல வேண்டாம், பார்ப்போம்" என்றார் மேலதிகாரி. கணபதி அண்ணன் வாரம் ஒருமுறை ஃபோன் செய்வார். "அடுத்த வாரம் பார்க்கலாம்ணா" என்பேன். பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நிலைமை திரும்பிவிடும், எதற்கு அவரைப் பயமுறுத்துவது என்றுதான் நினைத்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பர் முதல் வாரம் நேரில் போய்ச் சொன்னேன். புது மெஷின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. டீ சொன்னார். பிறகு சொன்னார்: "ஜூன்ல ஒரு பம்ப் கம்பெனி வேலை வந்துச்சுங்க தம்பி. மாசம் நாலாயிரம் பீஸு. உங்க வேலைக்கு மெஷின் வேணுமேன்னு வேண்டாம்னுட்டேன். மார்க்கெட் போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஜூன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அந்த வேலைய எடுத்திருப்பனுங்க."

பிரவுசிங் சென்டர் சீனியர் ஞாபகம் வந்தது எனக்கு. எங்கள் கம்பெனிக்கு அந்த மூன்று மாத மௌனத்தால் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. முழு நஷ்டமும் அவருடையது.

உள்ளேயும் இதே கதைதான். மூன்று ஷிஃப்ட் இரண்டாகப் போகிறது என்று நிர்வாகம் பேசிக்கொண்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாமலா இருக்கும்? கேன்டீனில் அதுவே, "ப்ளான்டையே மூடறாங்களாம்" என்று ஆனது. இரண்டு நல்ல செட்டர்கள் அந்தப் பேச்சை நம்பி வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் இரண்டு பேரையும் அனுப்பும் எண்ணமே யாருக்கும் இருக்கவில்லை. அந்தக் கைப்பக்குவத்துக்கு ஆள் பிடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

கணபதியிலிருந்து திரும்பிய வாரம் மேலதிகாரியிடம் போய், திங்கட்கிழமைதோறும் ஷிஃப்ட் தொடங்குமுன் பத்து நிமிஷம் எல்லோரிடமும் பேச அனுமதி கேட்டேன். "சொன்னா ஆளுங்க போயிருவாங்களேப்பா" என்றார். "சொல்லாமயே போயிட்டாங்களே சார்" என்றேன். சரி என்றார். ஒரு போர்டு வைத்தோம். முடிவானது, முடிவாகாதது, எப்போது தெரியும் என்று மூன்று பத்தி. முதல் இரண்டை எழுதுவது சுலபம். மூன்றாவது பத்தியில் ஒரு வாரம் "தெரியாது" என்று எழுதிவிட்டேன். ஒரு ஆபரேட்டர் எழுந்து, "சார், எப்பன்னு தெரியலைன்னா, மறுபடி எப்ப உங்கள கேக்கலாம்னாவது போடுங்க" என்றார். நான் படித்த எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இந்த வரி இல்லை. அன்றிலிருந்து அந்தப் பத்தியில் எப்போதும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் வந்து நின்று, ஒன்றுமில்லை என்று சொல்வேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2019 அக்டோபரில் காண்ட்ராக்ட் ஆட்கள் 22 பேரை நிறுத்தினோம். பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். அந்த லிஸ்டைத் தயாரித்தவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டில் வைத்துச் சொல்லாமல் மூன்று வாரம் முன்பே சொன்னோம், ரயில் டிக்கெட் எடுக்கவும் வேறு வேலை தேடவும் நேரம் கிடைத்தது. அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அது போதுமா என்றால், போதாது.

பிறகு 2020 மார்ச் 25, ஊரடங்கு. அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கணபதி அண்ணன் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்ட் 31 வரை தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. பல பட்டறைக்காரர்கள் அதைத் தள்ளுபடி என்றே நினைத்தார்கள். வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும், தவணைக் காலம் நீளும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்த மாதம் வட்டியை மட்டுமாவது கட்டினார். மே மாதம் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், நிலுவைக் கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் அடமானம் இல்லாமல் கிடைத்தது. அதை வைத்து ஆட்களுக்குச் சம்பளம் போட்டார். பழைய பம்ப் கம்பெனி வேலையில் பாதி திரும்பி வந்தது. எங்கள் பாக்கியையும் நான் துரத்தி வாங்கிக் கொடுத்தேன். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருடச் சட்டம். 90 நாளில் வந்தால் நல்ல கம்பெனி என்பது எங்கள் ஊர் வழக்கம்.

எங்கள் ஹவுசிங் லைன் ஒருவழியாக 2020 கடைசியில் ஓடத் தொடங்கியது. மாதம் எட்டாயிரம்தான். அதற்குள் டிசைனில் ஒரு ஓட்டையின் இடம் மாறிவிட்டதால் என் எஸ்.பி.எம்.மைத் திறந்து மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. டூல் ரூம் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ரிட்டயர் ஆகும் நாளில்கூடச் சொல்லவில்லை. அதுதான் தண்டனை.

2021-இல் வேறு மாதிரி சிக்கல். வண்டிக்கு ஆர்டர் இருக்கிறது, செமிகண்டக்டர் சிப் இல்லை. கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தன. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அடுத்த மாத ஷெட்யூல் பாதியானதாக மெயில் வந்தது. மேலதிகாரி, "திங்கட்கிழமை உறுதி பண்ணிட்டு வெண்டருக்குச் சொல்லலாமே" என்றார். உறுதியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன் என்றேன். மூன்றரை மணிக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணா, அடுத்த மாசம் பாதிதான் வரும் போல இருக்கு. முடிவாகலை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிடறேன்."

"சரிங்க தம்பி. அப்ப மிச்ச டைமுக்குப் பம்ப்புக்காரங்கள்ட்ட பேசிக்கறேன்" என்றார். பிறகு, "வீட்டுல எல்லாம் சௌக்கியங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அடுத்து சாப்பாடு என்று பொருளாளர் ஜாடை காட்டுகிறார். வணக்கம்.