நினைவாற்றல் மருந்துகளும் அளவைகளும்



மறதி எல்லார்க்கும் அச்சம் தருவது. சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர்க்கோ அவ்வச்சம் இருமடங்கு. நாநுனிவரை வந்த சொல் வெளிப்படாது நின்றுவிடும்போது, அகவை ஐம்பதைக் கடந்தவர் உள்ளம் துணுக்குறுகின்றது. இந்தத் துணுக்குறவை முதலாகக் கொண்டு உலகெங்கும் ஒரு வாணிகம் தழைத்துள்ளது. மாத்திரை, பொடி, இளகம், பானம் எனப் பல வடிவில் 'மூளைக்கு வலிமை' விற்கப்படுகின்றது. பொதுத்தேர்வு எழுதும் மாணவரும் ஓய்வூதியம் பெறும் முதியவரும் ஒரே கடை வாயிலில் நிற்கின்றனர். அவர்கள் வாங்குவது மருந்தா, ஆறுதலா என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒரு கூற்றை ஏற்குமுன் அதற்குரிய அளவை யாது என வினவுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையில் 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். அவற்றுள் ஐதிகமும் ஒன்று. ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவதை அவ்வாறே தெளிதல் ஐதிகம். மரத்தில் பேய் உண்டு என நம்புதல் அதற்குக் காட்டப்பெறும் சான்று. வெண்டைக்காய் உண்டால் கணக்கு வரும் என்பதும் இவ்வினத்ததே.

ஐதிகத்தை விலக்கிக் காட்சியை நம்பலாமே எனின், அதுவும் வழுக்கும். மாத்திரை உண்ட மாணவன் தொண்ணூறு மதிப்பெண் பெற்றான் என்பது காட்சி. உண்டதனால் பெற்றான் என்பது கருதல். இரண்டுக்கும் இடையே படிப்பு, உறக்கம், ஆசிரியர் உழைப்பு, மருந்து உண்டோம் என்னும் நம்பிக்கை தரும் ஊக்கம் எனப் பல நிற்கின்றன. இவற்றைப் பிரித்தறியவே மருத்துவ ஆய்வாளர் ஒரு நெறி கண்டனர். ஆய்வுக்கு இசைந்தோரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஒரு குழுவினர்க்கு மருந்தும் மற்றையோர்க்கு அதே நிறமும் வடிவும் உடைய வெற்று மாத்திரையும் தருவர். யாருக்கு எது சென்றது என்பதை உண்பவரும் அறியார், சோதிப்பவரும் அறியார்.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பெற்றவற்றுள் கிங்கோ மர இலைச்சத்து தலையாயது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. நாளும் இருவேளை 120 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இலைச்சத்து தரப்பட்டது. வெற்று மாத்திரை உண்டோருள் 246 பேருக்கும், கிங்கோ உண்டோருள் 277 பேருக்கும் மறதிநோய் கண்டது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. ஆகவே கிங்கோ நோயை வளர்த்தது என்றல் பொருந்தாது. தடுத்தது என்றலோ அதனினும் பொருந்தாது. பிரான்சு நாட்டில் ஐந்தாண்டுகள் நிகழ்ந்து 2012இல் வெளியான ஆய்வும் இதே முடிவைத் தந்தது.

வல்லாரைக்கு வருவோர் முதலில் ஒரு சொல்லாராய்ச்சி செய்தல் வேண்டும். தமிழர் வல்லாரை என்பது குளம்படி போன்ற இலையுடைய கொடி. நீர்ப்பிரமி என்பது சதுப்பில் படரும் வேறொரு செடி. வடநாட்டு வழக்கில் 'பிரமி' என்னும் பெயர் இரண்டிற்கும் வழங்குகின்றது. பல பொருள் குறித்த ஒரு சொல் செய்யுளில் சிலேடைக்கு உதவும். மருந்துக் கடையில் மயக்கத்தையே விளைவிக்கும். நீர்ப்பிரமியை ஆராய்ந்து பெற்ற முடிவை வல்லாரைப் பொட்டலத்தின்மேல் அச்சிடுதல், ஒரு புலவர் பெற்ற பரிசிலை அவர் பெயருடைய இன்னொருவர் வாங்கிச் செல்வதை ஒக்கும்.

நீர்ப்பிரமிக்குச் சான்று அறவே இல்லை என்பதும் உண்மையன்று. ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 76 பேரிடம் மூன்று திங்கள் நிகழ்ந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. புதிதாகக் கற்றதை மறவாது வைத்திருத்தலில் மருந்துண்டோர் சற்று மேம்பட்டனர். கற்கும் விரைவில் வேறுபாடு இல்லை. இது நேர்மையான, சிறிய செய்தி. எழுபத்தாறு பேரின் மூன்று திங்கள் அனுபவத்திலிருந்து 'மறதிநோய் அணுகாது' என்னும் முழக்கத்திற்குச் செல்லும் வழி மிக நெடியது. அவ்வழியை ஆய்வு நடந்து கடக்கவில்லை; விளம்பரம் தாவிக் கடக்கின்றது.

விளம்பரத்தின் மொழியும் கவிஞர் கூர்ந்து நோக்கத் தக்கது. 'நினைவாற்றலுக்குத் துணைபுரியும்', 'மூளை நலம் பேணும்' என்னும் தொடர்கள் தற்செயலாக அமைந்தன அல்ல. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, உணவுத் துணைப்பொருளை விற்போர் அதன் பயனை அரசிடம் முன்னரே மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. நோயைத் தீர்க்கும் என்று மட்டும் சொல்லலாகாது. அதனால் 'தீர்க்கும்' என்னும் வினை நீங்கித் 'துணைபுரியும்' என்னும் வினை அமர்ந்தது. கேட்பவர் காதில் விழுவதோ முன்னதே.

இழுதுமீனில் முதன்முதல் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தை 'பிரெவஜென்' என்னும் பெயரால் விற்ற நிறுவனத்தின்மீது, அமெரிக்க வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் 2017இல் வழக்குத் தொடுத்தனர். 218 பேரிடம் 90 நாள் செய்த ஆய்வில், மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் மொத்தத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் அதே தரவுகளை முப்பதுக்கு மேற்பட்ட வகையில் கூறுபோட்டு, உகந்த கூறுகளை மட்டும் முன்னிறுத்தினர் என்பது குற்றச்சாட்டு. நினைவை மேம்படுத்தும் என விளம்பரம் செய்தலை நீதிமன்றம் 2024இல் தடைசெய்தது. நூறு பாடல் கொண்ட நூலில் நல்ல அடிகள் இரண்டைக் காட்டி நூல் முழுதும் நன்று என எழுதும் மதிப்புரையை இவ்வட்டத்தினர் ஏற்பதில்லை. மருந்திலும் ஏற்கலாகாது.

சான்றுகள் தம்முள் முரணும் இடமும் உண்டு. 65 வயதும் மேலும் ஆன 5,947 ஆண் மருத்துவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பல்வைட்டமின் உண்டும் பயன் காணவில்லை என 2013இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2,262 முதியோரிடம் மூன்றாண்டுகள் செய்து 2022இல் வெளியான ஆய்வோ சிறிது நன்மை கண்டது. இவ்விடத்தில் அறிவுடையார் கொள்ளத்தக்க நிலை ஐயமே. ஐயம் அறியாமை அன்று. துணிபுக்கு முந்திய படி.

ஐயத்திற்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. இல்லாததை நிரப்புதல் வேறு. உள்ளதை மிகுத்தல் வேறு. வைட்டமின் பி12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. புலால் உண்ணாதார், முதியோர், நீரிழிவுக்கு மெட்பார்மின் நெடுநாள் உண்போர் ஆகியோரிடம் அதன் குறை நேரலாம்; அக்குறை மறதியையும் தளர்ச்சியையும் தரும். இரத்தச் சோதனையால் கண்டு, காலத்தே ஈடுசெய்தால் பலர் தேறுவர். தைராய்டுக் குறையும் இத்தகையதே. பெயரறியாப் புட்டியை நம்பி ஓராண்டு காத்திருப்பவர் இழப்பது பணம் மட்டுமன்று. தீரத்தக்க நோயைத் தீர்க்கும் காலத்தையும் இழக்கின்றார். இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போர் கிங்கோவையும் சேர்த்துண்டால் குருதிக்கசிவு நேரும் இடரும் உண்டு.

திருக்குறளின் மருந்து அதிகாரத்துப் பத்துப் பாக்களில் மூலிகைப் பெயர் ஒன்றும் இல்லை. பெரும்பகுதி உண்ணும் அளவையே பேசுகின்றது. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரிடம் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வும் அத்திசையையே காட்டுகின்றது. சீரான உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றை ஒருங்கே ஈராண்டு மேற்கொண்டோர் அறிவுத்திறன் சோதனைகளில் சற்று முந்தினர். பயன் சிறிதே, ஆயினும் அதனைப் புட்டியில் அடைத்து விற்றல் இயலாது.

தனிமையும் மறதிநோய்க்கு வழிகோலும் காரணிகளுள் ஒன்றென 2024இல் லான்செட் ஆய்வுக்குழு குறித்துள்ளது. பத்தாண்டுகள் கூடிப் பாடியும் வாதிட்டும் வந்த ஒரு வட்டத்தார்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. எனினும் கவியரங்கம் மறதியைத் தடுக்கும் என எவரேனும் அறிவிப்பாராயின், அதற்கும் அளவை யாது என்று முதலில் வினவ வேண்டியவர் இவ்வட்டத்தாரே.