சுழலவிடுவதா, பூட்டிவைப்பதா?



பாய்மரப் படகுகள் பலவற்றில் இன்று ஓர் இயந்திரமும் உண்டு. துறைமுகத்தை விட்டு வெளியேறவும், காற்று ஓய்ந்த வேளையில் முன்னேறவும் அது உதவும். கடலில் நல்ல காற்று கிடைத்ததும் மாலுமி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை விரிப்பான். அப்போது படகின் பின்புறம் நீருக்கடியிலுள்ள விசிறி என்னாகும்? ஓலைக் காற்றாடியை ஏந்திக்கொண்டு சிறுவன் ஓடினால் அது சுழல்வதைப் போல, எதிர்வரும் நீரின் விசையால் விசிறி தானே சுழலும். அதனோடு இணைந்த தண்டும் சுழலும். அதைச் சுழலவிடுவதா, அசையாமல் பூட்டிவைப்பதா என்பது மாலுமிகளிடையே நெடுநாள் நடந்துவந்த வழக்கு.

இது வீண் வழக்கன்று. விசிறி தரும் தடையால் படகின் வேகம் மணிக்கு அரைக் கடல்மைல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 12 கடல்மைல். 20 நாளில் 240 கடல்மைல் பின்தங்கிவிடும். அந்தத் தூரத்தையும் கடந்து முடிக்கும்வரை குடிநீரும் உணவும் போதுமா என்பதன்றோ கேள்வி! 1860இல் நீரில் இறக்கப்பெற்ற பிரிட்டனின் 'வாரியர்' என்னும் இரும்புப் போர்க்கப்பலில், பாய் விரித்துச் செல்லும்போது விசிறியையே நீருக்கு மேலே தூக்கிவிட ஏற்பாடு இருந்தது. அதைத் தூக்க ஏறத்தாழ 600 பேர் கயிற்றைப் பற்றி இழுக்க வேண்டியிருந்ததாம்.

தூக்க இயலாத சிறு படகில் என்ன செய்வது? "விசிறியைச் சுழற்றும் ஆற்றல் படகின் ஓட்டத்திலிருந்துதானே வருகிறது? ஆகவே பூட்டுவதே மேல்" என்பர் ஒரு சாரார். அவர்கள் ஒரு சான்றும் காட்டுவர். வானில் இயந்திரம் நின்றுபோன ஹெலிகாப்டரின் இதழ்கள், கீழிருந்து வரும் காற்றால் தொடர்ந்து சுழல்வதால்தான் அது கல்லைப் போல வீழாமல் இறங்குகிறது. அங்கே சுழற்சி தடையைப் பெருக்குகிறது. படகிலும் அவ்வாறே நிகழும் என்பது அவர்கள் வாதம்.

இதழ்களின் அமைப்பை நோக்கினால் வேறுபாடு விளங்கும். ஹெலிகாப்டரின் இதழ்கள் ஒடுங்கியவை. அந்நிலையில் ஏறக்குறையப் படுக்கையாக இருப்பவை. நின்றுவிட்டால் அவை மறிக்கும் பரப்புச் சிறிது. விரைந்து சுழன்றால் ஒரு பெரிய வட்டத் தட்டே காற்றைத் தாங்குவது போலாகும். படகு விசிறியின் இதழ்களோ அகன்றவை. திருகாணியின் புரியைப் போல நன்கு சாய்ந்தவை. தடையின்றிச் சுழலும்போது, மரத்தினுள் திருகாணி செல்வதைப் போல அவை நீரினூடே வழிவிட்டுச் செல்கின்றன. பூட்டிவிட்டாலோ, வரும் நீரை எதிர்த்து நின்று பின்னால் சுழிகளை எழுப்புகின்றன.

கிளாஸ்கோ நகரின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதனையால் அளந்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். பூட்டிய விசிறியே அதிகத் தடை தருகிறது என்று கண்டனர். தண்டின் உராய்வு மிகுந்தால் சுழலும் விசிறியின் தடையும் மிகும் என்றும் கண்டனர்.

அப்படியானால் எப்போதும் சுழலவிடலாமா? அதற்கும் நிபந்தனை உண்டு. சிலவகைக் கியர்பெட்டிகளில், இயந்திரம் ஓடினால்தான் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் போய்ச் சேரும். இயந்திரம் நின்றிருக்கத் தண்டு மட்டும் மணிக்கணக்கில் சுழன்றால், எண்ணெயின்றிச் சூடேறிப் பெட்டி கெட்டுவிடும். புயல் எழும் வேளையில் இயந்திரத்தை நம்பி ஓட்டுபவனுக்கு அது உயிர்ப்பிரச்சினை. அத்தகைய படகில் வேகம் சிறிது குறைந்தாலும் தண்டைப் பூட்டுவதே அறிவுடைமை. எது தன் படகுக்குப் பொருந்தும் என்பதை, பெட்டியைச் செய்தவர் தந்துள்ள குறிப்பேட்டைப் படித்தே மாலுமி அறிய வேண்டும்.

பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றிய நான் கண்ட ஓர் உண்மை உண்டு. மாணவர் விடையை நினைவில் வைப்பர். அது எந்த நிலையில் பொருந்தும் என்பதை விட்டுவிடுவர். ஹெலிகாப்டருக்குச் சரியான விடை படகுக்குப் பிழையாகிறது. ஒரு படகுக்குச் சரியானது மற்றொன்றின் கியர்பெட்டியைக் கெடுக்கிறது. ஆகவே எந்த விதியைக் கற்றாலும், அதன் நிபந்தனையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அளந்து பாருங்கள்.