பூட்டுப் போட்டால் போதாது

ரசாயன விபத்து என்றதும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையும் வெடித்துச் சிதறும் கொதிகலனும்தான் நினைவுக்கு வரும். நடந்த கதை வேறு. உலகை உலுக்கிய பேரழிவுகள் பலவும் உற்பத்தி நின்ற இடத்தில், தொட்டியிலும் கிடங்கிலும் சும்மா கிடந்த சரக்கிலிருந்து வந்தவை. ஆலைதான் மூடிக்கிடக்கிறதே, இனி என்ன பயம் என்று கேட்பவர்களுக்குத் தூத்துக்குடியே பதில் வைத்திருக்கிறது.

அங்கே ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தில், 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 28 அன்று ஆலைக்குச் சீல் வைக்கப்பட்டது. ஆலை ஓய்ந்தது, அமிலம் ஓயவில்லை. அடுத்த மாதமே அங்கிருந்த கந்தக அமிலத் தொட்டியில் கசிவு தெரிந்தது. மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, மிஞ்சிய அமிலத்தை டேங்கர் லாரிகளில் ஏற்றி வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அமிலத்தின் குணத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. அடர் கந்தக அமிலம் சாதாரண எஃகுத் தொட்டியிலேயே நிற்கும். உள்சுவரில் படியும் இரும்பு சல்பேட் படலம் எஃகைக் காக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஈரம் சேர்ந்து நீர்த்துப்போனால் அதே அமிலம் தொட்டியையே அரிக்கும். அரிக்கும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வெளிவரும். உப்புக் காற்று வீசும் கடற்கரையில் தொட்டியின் வெளிப்புறமும் துருப்பிடிக்கும். கவனிக்க ஆள் இல்லாத தொட்டி உள்ளும் புறமும் ஒருசேரத் தேய்கிறது.

போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு நடந்ததும் கவனிப்பாரற்ற சரக்கின் கதையே. மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சுச் சரக்கின் உற்பத்தி அக்டோபரிலேயே நின்றுவிட்டது. ஏறத்தாழ 40 டன் 610ஆம் எண் தொட்டியில் கிடந்தது. அதைக் குளிர்விக்கும் கருவி சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததும் சரக்கு கொதித்து வெளியேறியது; ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு 12 பேரைக் கொன்றது. ஊரடங்கில் ஆலை மூடியிருந்த காலம் அது. ஸ்டைரீன் தானாக இறுகிச் சூடேறாமல் தடுக்க மருந்து சேர்க்க வேண்டும். குளிர்ச்சியாகவும் வைக்க வேண்டும். இரண்டும் தவறின. எச்சரிக்கைச் சைரன் இருந்தும் ஒலிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் சிதறியது. ஆண்டுக்கணக்கில் யாரும் பொறுப்பேற்காமல் விட்ட 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்தச் செய்தி வந்த பிறகுதான், 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அதே சரக்கு சென்னை மணலியில் 37 கன்டெய்னர்களில் நிற்பது பேச்சானது. ஏலத்தில் விற்று அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பெய்ரூட் வெடிக்காமல் இருந்திருந்தால் மணலிக் கன்டெய்னர்களை யார் நினைத்திருப்பார்கள்?

அவையோரே, இவற்றை விதி என்பது பொய். அபாயச் சரக்கை வைத்திருப்பது அன்றாட வேலை. அந்த வேலைக்கு முறை உண்டு. ஒன்றோடொன்று சேர்ந்தால் வினைபுரியும் சரக்குகளை ஒரே கூரையின்கீழ் வைக்கக் கூடாது: அமிலத்தின் அருகே ஹைப்போகுளோரைட் வைத்தால் குளோரின் கிளம்பும். தொட்டி உடைந்தால் முழுச் சரக்கையும் தாங்கும் தடுப்புச் சுவர் சுற்றிலும் வேண்டும். வெப்பநிலை, அழுத்தம், அளவு மூன்றையும் ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்துப் பதிய வேண்டும். தொட்டிச் சுவரின் கனத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவைக்கு மேல் சேர்க்கவே கூடாது. இல்லாத சரக்கு கசியாது.

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆத்தூர் வட்டாரத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. சில கிலோமீட்டர் தொலைவில் சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்யும் ஆலை இருக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி 1 டன் காஸ்டிக் சோடா எடுத்தால் ஏறக்குறைய 880 கிலோ குளோரினும் கூடவே பிறக்கும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்தை நோக்கியோ, காற்று போகும் திசையிலோ ஓடக் கூடாது. காற்றோட்டத்துக்குக் குறுக்கே விலகி மேட்டுக்குப் போக வேண்டும். கசியும் குளோரின் உருளை மேல் தண்ணீர் பீய்ச்சுவதும் தவறு. ஈரம் பட்ட குளோரின் உலோகத்தை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். அன்று வீசுவது வாடையா, கச்சானா, கொண்டலா என்பதே எந்த ஊருக்கு ஆபத்து என்பதைத் தீர்மானிக்கும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்பவருக்கும் புன்னைக்காயல் மீனவருக்கும் பழக்கமான காற்றுதான் இது. அந்தக் காற்றில் என்ன வரக்கூடும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

சட்டம் பதில் வைத்திருக்கிறது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலம் கசிந்த வழக்கில், அபாயத் தொழில் நடத்துபவர் சாக்குச் சொல்லித் தப்ப முடியாத முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. 1989ஆம் ஆண்டின் அபாய ரசாயன விதிகள், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய ஊர்மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் தெரிவிப்பது கடமை என்கின்றன. ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு ஒத்திகை, ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒரு ஒத்திகை என்பதும் அந்த விதிகளில் உள்ளதே.

சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதைவிடப் பெரிய பீதி எது? கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்பார்கள். வாயு முதலில் தாக்குவது உள்ளே நிற்கும் தொழிலாளியைத்தான். பாதுகாப்பு கேட்பது அவருடைய வேலையைக் காக்கவும் உயிரைக் காக்கவும்தான்.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியும் பேரூராட்சியும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். எந்தச் சரக்கு, எவ்வளவு, எங்கே இருக்கிறது? கசிந்தால் சைரன் எங்கே ஒலிக்கும், மக்கள் எந்தப் பக்கம் போக வேண்டும்? கடைசியாக ஒத்திகை நடந்த தேதி என்ன? மூடிய ஆலையானால் நான்காவதும் உண்டு: உள்ளே மிச்சம் என்ன, அதைக் கவனிப்பவர் யார்? ஆபத்தை அறிவது விதி கொடுத்த உரிமை. கிராம சபையிலும் பேரூராட்சி மன்றத்திலும் தீர்மானம் போடுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.