கடிதம் வழக்கானது



மனித உரிமை என்றதும் 1948 டிசம்பர் 10-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பேரறிக்கையிலிருந்து தொடங்குவது மேடை வழக்கம். நாம் அரூரிலிருந்து தொடங்குவோம். ஒசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம் அது. 2004-இல்தானே நாம் தனி மாவட்டமானோம்! 1992 ஜூன் 20 அன்று, பழங்குடி மக்கள் வாழும் வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைத் தண்டித்தது. எஞ்சிய 54 பேரும் அதற்குள் இறந்து போயிருந்தனர். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. அரசு ஊழியர் இத்துணைப் பேர் ஒரே வழக்கில் தண்டனை பெற்றது இயக்கத்தின் பெருவெற்றியே. ஆயின் 31 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் தளராது நின்ற அப்பெண்களின் சொல்லே வழக்கின் உயிர்; வழக்கறிஞர் திறம் அதற்குப் பின்னரே.

இனி நம் தொழிற்பேட்டைக்கு வருவோம். தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களில் உழைத்தோரின் அவலத்தை உரிமை இயக்கத்தார் நீதிபதி பகவதிக்குக் கடிதமாக எழுதினர். அக்கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலியினும் குறைத்துக் கொடுப்பது, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. சிப்காட் வாயிலில் ஒப்பந்தக்காரரின் வண்டிக்குக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. அதற்குக் காரணமான கடனையும் ஒழித்தது. எனினும், முன்பணம் வாங்கிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டிக் கல்லுடைக்கவும் செங்கல் அறுக்கவும் போகும் குடும்பத்திற்கு எல்லையே புதுச் சிக்கல். விடுவிப்புச் சான்று உழைத்த மாவட்டத்தில். மறுவாழ்வு சொந்த மாவட்டத்தில். இரண்டு அலுவலகங்களுக்கும் இரண்டு மொழிகளுக்கும் இடையே மனிதன் தொலைந்து போகிறான்.

இயக்கத்தின் எதிர்காலத்தை நாம் இந்த இடைவெளியில்தான் காண்கிறோம். ஆகவே ஞாயிறுதோறும் கழக நூலகத்தில் ஒரு மேசை போடுவோம். சம்பளச் சீட்டு, வைப்புநிதி எண், முன்பணக் கணக்கு எதுவாயினும் எடுத்து வரட்டும். படித்துச் சொல்லவும் மனு எழுதவும் நம்மவர் இருப்பர். கன்னடத்தில் பிழையின்றி எழுத வல்ல இருவர் உடனே தேவை. விருப்பமுடையோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.